அந்தக் கரியை எங்கே கொட்டுவீர்கள்?

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதம், மல்லிப்பூ விலை ஏறிக்கிடந்த நேரம். திண்டுக்கல்லை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பல்கலைக்கழகத்துக்குள் காலெடுத்து வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றுங்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஒரு பெரிய ஹாலில் எழுந்து நின்று பேசினேன் என்றால், என் மருமகளே முதலில் நம்பவில்லை.

எங்கள் கிணற்றைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வீட்டுக்குப் பின்னால் பூந்தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம், சோறும் ஆக்கினோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் தட்டிவிட்டது. தூரத்தில் எங்கோ தோல் பதம் செய்கிற தோல் ஷாப்புகளிலிருந்து வெளியேறிய கழிவு, மண்ணுக்குள்ளேயே நகர்ந்து வந்துவிட்டது என்று படித்தவர்கள் சொன்னார்கள். யார் விட்ட தண்ணீர், எப்போது விட்டது, ஒன்றும் தெரியாது. எங்களுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வந்துவிட்டதால் குடிக்கிற கவலை இல்லை. ஆனால் மாடு அந்தக் கிணற்றுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பார்க்கிறபோது, வீட்டுக்கு வந்த ஆள் சாப்பிடாமல் போன மாதிரி எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான், ஒரு நாள் காலையில் முக்காடு போட்ட ஒரு பெண்பிள்ளை, தோளில் பையும் கையில் பாட்டில்களுமாக எங்கள் வாசலில் வந்து நின்றது. பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி செய்கிறேன், உங்கள் கிணற்றில் மாதாமாதம் தண்ணீர் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மருமகள்தான் பேசினாள்.

அந்தப் பிள்ளை தண்ணீர் எடுக்கிற விதம் வேடிக்கையாக இருக்கும். பாட்டிலில் கொஞ்சம் கிணற்றுத் தண்ணீர் பிடிக்கும், குலுக்கும், கீழே ஊற்றும். திரும்பவும் பிடிக்கும், குலுக்கும், ஊற்றும். கெட்ட தண்ணீரைப் பிடிக்க இத்தனை கழுவலா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் இருந்து நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு அதுவும் சிரித்தது. வேறு தண்ணீர் ஒரு சொட்டுக்கூட பாட்டிலில் தங்கிவிடக் கூடாதாம். அப்படித்தான் பழக்கமானோம். அது என்னை அம்மாச்சி என்று கூப்பிடும். நான் தாயி என்பேன்.

வந்து போகிற நாட்களில் அதனுடைய கதையெல்லாம் சொல்லும். அப்பாவை அது அத்தா என்றுதான் சொல்லும். அவர் திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தோல் வாசம் அடிக்கிறது என்று மூக்கைப் பிடிப்பார்களாம். அத்தாவின் சட்டையில் ஒட்டி வருகிற அந்த வாசம் எதனால் வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கெமிஸ்ட்ரி எடுத்தேன் என்று சொல்லிச் சிரிக்கும். அதனுடைய பேராசிரியர் சின்னாளப்பட்டியில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அதே லேபில் படிக்கிற ஒரு பையன் சிறுமலைக்காரன், வாழைத்தோட்டத்திலிருந்து வந்தவன். தோலும் நூலும் வாழையும் ஒரே மேசையில் உட்கார்ந்து என் கிணற்றைச் சுத்தம் செய்யப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கொஞ்ச காலத்தில், கிணற்றோரம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் உயரமான ஒரு டிரம் வைத்தார்கள். உள்ளே தேங்காய்ச் சிரட்டைக் கரி. சும்மா கரி இல்லை, லேபில் ஏதோ பக்குவம் செய்து கொண்டுவந்த கரி. மேலே கிணற்றுத் தண்ணீரை விட்டால் கீழே தெளிந்து வரும். குடிக்கக் கூடாது, செடிக்கும் மாட்டுக்கும் மட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். முதல் நாள் அந்தத் தண்ணீரை மாட்டுக்கு வைத்தபோது நானும் மருமகளும் அந்தப் பிள்ளையும் மூச்சு விடாமல் நின்றோம். மாடு மோந்தது, யோசித்தது, பிறகு தலையைத் தூக்காமல் குடித்தது. "அம்மாச்சி, எனக்கு முத சர்டிபிகேட் மாடு குடுத்துருச்சு" என்று அந்தப் பிள்ளை கை தட்டியது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மாதாமாதம் டிரம்மில் இருக்கிற பழைய கரியை அந்தப் பிள்ளை ஒரு நீலக் கேனில் அள்ளி, மூடி இறுக்கி, பஸ்ஸில் எடுத்துப் போகும். தண்ணீரில் இருந்த நஞ்செல்லாம் அந்தக் கரியில் ஏறியிருக்கிறது என்று அதுவே சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கரியை எங்கே கொட்டுகிறார்கள்? எங்கோ யாரோ கொட்டியதுதானே என் கிணற்றுக்கு வந்தது? என் கிணற்று அழுக்கு இன்னொருத்தி கிணற்றுக்குப் போய்விடக் கூடாதே. கேட்டுவிடலாம் என்று வாய் வரை வரும். வெயிலில் வேர்த்து விறுவிறுத்து, சிரித்த முகமாக வருகிற பிள்ளையிடம் சந்தேகப்படுகிற மாதிரி எப்படிக் கேட்பது? மோரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன்.

அந்தத் தை மாதம் பிள்ளை வீட்டுக்கு வந்து, படிப்பு முடிகிறது, வைவா வைத்திருக்கிறார்கள், நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்று கூப்பிட்டது. வைவா என்றால் எல்லோர் முன்னாலும் நின்று, செய்த வேலையைச் சொல்லி, கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதாம். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாமாம். எனக்கு அங்கே என்ன தாயி வேலை என்றேன். உங்கள் கிணறு வருகிறது, நீங்கள் வரக் கூடாதா என்று கேட்டது. மருமகள் நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வெள்ளைத் தொப்பியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக ஒரு பெரியவர். அந்தப் பிள்ளையின் அத்தா. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மூடி போட்ட பெரிய தேக்சா அண்டா இருந்தது. வைவா நடத்துகிற பிள்ளைதான் எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். பரீட்சையும் எழுதிச் சோறும் போட வேண்டுமா என்று நான் நினைத்துக்கொண்டேன். அத்தாவே தன் கையால் பிரியாணி ஆக்கிக் கொண்டுவந்திருந்தார். முடிவு சொல்லும் வரை தேக்சா மூடியைத் திறக்க மாட்டேன் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். இன்றைக்குச் சரி என்று சொல்லாவிட்டால், எல்லாவற்றையும் திருத்தி எழுதிக்கொண்டு திரும்ப வந்து நிற்க வேண்டுமாம். பேசுகிறபோது அவருடைய கண் தேக்சாவுக்கும் மகளுக்குமாகப் போய்ப் போய் வந்தது.

அந்தப் பிள்ளை இங்கிலீஷில் பேசியது. முதலில் நன்றாகத்தான் பேசியது. படங்களுக்கு நடுவே என் கிணறும் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு வெளியூரிலிருந்து பரீட்சை வைக்க வந்திருந்த பெரிய மனிதர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒரு கோட்டுப் படத்தைக் காட்டி ஏதோ கேட்டார். பிள்ளை பதில் சொன்னது. அவர் இல்லை என்கிற மாதிரி தலையை ஆட்டி, அதையே வேறு விதமாகக் கேட்டார். பிள்ளையின் குரல் இறங்கிக்கொண்டே போனது. இங்கிலீஷ் தெரியாதவளுக்கும் குரல் அடங்குவது தெரியாதா? பக்கத்தில் இருந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பேராசிரியர் முதல் வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் எடுத்துக் கொடுக்கக் கூடாதாம்.

கடைசியில் அந்தப் பெரிய மனிதர், பொதுமக்கள் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார். உடனே சிறுமலைப் பையன் எழுந்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி கடகடவென்று ஒரு கேள்வியைச் சொன்னான். அவர் சிரித்துவிட்டார்.

"இது உங்க லேப்லயே சமைச்ச கேள்வி தம்பி. உக்காருங்க. நான் கேட்டது பொதுமக்கள."

ஹாலே சிரித்தது. ஜூனியர்களிடம் முன்னாலேயே கேள்வியைக் கொடுத்து வைப்பதும் அங்கே வழக்கமாம். பையன் காதெல்லாம் சிவந்து உட்கார்ந்தான். சிரிப்பு அடங்கியது. அந்தப் பெரிய மனிதர் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி வரிசையில் எங்களிடம் நிறுத்தினார். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையிடம் கேட்கலாமா ஐயா என்றேன். கேளுங்கம்மா என்றார்.

"தாயி, மாசாமாசம் பழைய கரியக் கேன்ல அள்ளிட்டுப் போறியே, அத எங்க கொட்டுவ? இன்னொருத்தர் கெணத்துப் பக்கம் கொட்டிற மாட்டியே?"

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. பேராசிரியர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதர் பேனாவைக் கையில் எடுத்தார். ஏற்கெனவே தடுமாறி நிற்கிற பிள்ளையை நானும் சேர்ந்து குழியில் தள்ளிவிட்டேனே என்று தோன்றியது.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. கையில் இருந்த மைக்கை மேசையில் வைத்தது.

"கொட்டல அம்மாச்சி. ஒரு பொட்டுக்கூடக் கீழ கொட்டல" என்றது. எங்கள் தொட்டி ஓரத்தில் நின்று பேசுகிற அதே குரல்.

பிறகு தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனது. கொண்டுபோன கரியை ஒரு மருந்துத் தண்ணீரில் ஊற வைத்தால் அந்த நஞ்சு இறங்கிவிடும். கரியைத் திரும்பவும் டிரம்மில் போடலாம். இறங்கிய நஞ்சுதான் தோல் பதம் செய்யப் போடுகிற குரோம். அதை இன்னும் ஒரு பக்குவம் செய்தால் பச்சைத் தண்ணீராக ஆகும், மறுபடியும் தோலுக்கே போடலாம். இதைச் சொல்லிவிட்டு, ஞாபகம் வந்த மாதிரி ஓடிப் போய்ப் பையிலிருந்து ஒரு ஆட்டுத் தோல் துண்டை எடுத்து வந்தது. வெளிர் நீலமாக, துணி மாதிரி மெத்தென்று இருந்தது. எங்கள் கிணற்றிலிருந்து எடுத்த குரோமில் பதம் போட்டதாம். கடைசியில் காட்டலாம் என்று வைத்திருந்து, பயத்தில் மறந்தே போயிருக்கிறது.

அந்தப் பெரிய மனிதர் அதை வாங்கி மடித்தார், இழுத்தார், மோந்து பார்த்தார். யார் பதம் போட்டது என்று கேட்டார். பிள்ளை கடைசி வரிசையைக் காட்டியது. என் பக்கத்தில் இருந்தவர் அவசரமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"நான்தான் சார். காலம் பூரா பாத்த வேலதான். இந்த ஒரு தோலுக்கு மட்டும் கை நடுங்கிருச்சு."

அதற்கப்புறம் அந்தப் பெரிய மனிதர் பழைய கோட்டுப் படத்தையே திரும்பக் காட்டி, பழைய கேள்வியையே இங்கிலீஷில் கேட்டார். இந்தத் தடவை பிள்ளை நிமிர்ந்து நின்று பதில் சொன்னது. என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. அவர் இரண்டு முறை தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் எனக்குப் புரிந்தது.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். திரும்பக் கூப்பிட்டு, டாக்டர் பட்டம் கொடுக்கலாம் என்று படித்தார்கள். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்கும்போதே அத்தாவைக் காணோம். தேடினால், வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி நின்று தேக்சா மூடியைத் திறந்துகொண்டிருந்தார். ஆவியில் கண்ணைத் துடைக்கிறாரா, வேறு எதற்கா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. சீரக சம்பா வாசம் ஹால் வரைக்கும் வந்தது.

அன்றைக்கு நான் கூச்சமில்லாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சிறுமலைப் பையன் மலை வாழைப்பழத்தை என் இலையோரம் வைத்துவிட்டு, "நான் மனப்பாடம் பண்ணுன கேள்வி போச்சு. பேசாம ஒங்கள லேப்ல சேத்துக்கலாம் அம்மாச்சி" என்று சலித்துக்கொண்டான். பேராசிரியர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் சின்ன வயதில் அவர்கள் தெருச் சாக்கடையில் சாயத் தண்ணீர் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் ஊதாவாகவும் ஓடும் என்றும், இது எங்கே போகும் என்று வீட்டில் எல்லோரையும் கேட்டுத் திட்டு வாங்கியதாகவும் சொன்னார். ஒருவரும் பதில் சொல்லவில்லையாம். அதைத் தேடிக்கொண்டுதான் இத்தனை தூரம் வந்தேனம்மா என்றார்.

அந்தப் பிள்ளை இப்போது ஒரு காலேஜில் வேலை பார்க்கிறது. லீவில் வந்தால் மாட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரும். தண்ணீர் எடுக்கச் சிறுமலைப் பையன் வருகிறான். அதே மாதிரி பாட்டிலைக் கழுவிக் கழுவித்தான் பிடிக்கிறான். கிணறு இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. டிரம்மில் வருகிற தண்ணீரை மாடு வயிறு நிறையக் குடிக்கிறது.

அத்தா அந்த நீலத் தோலில் ஒரு பட்டை வெட்டி, ஓரம் தைத்து, எனக்குச் சாவிக்கொத்து செய்து கொடுத்தார். எங்கள் வீட்டுப் பூட்டுச் சாவி அதில்தான் தொங்குகிறது. சந்தேகப்படுகிறேன் என்று அந்தப் பிள்ளை வருத்தப்படுமோ என்று எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுவோ, தன் வேலையில் இவ்வளவு அக்கறையாக ஒருவர் இருந்திருக்கிறாரே என்றுதான் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டதாகப் பிறகு என்னிடம் சொன்னது. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலோ, ரேஷன் கடையிலோ, பஸ்ஸிலோ கேட்க நினைத்ததைக் கேட்காமல் திரும்பி வரப் பார்க்கும்போது, இடுப்பில் அந்தச் சாவிக்கொத்து உரசும். நின்று, திரும்பிப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.