பந்திங் சாலையில் பை மாற்றிய நாள்

எங்கள் வேன் பல வருஷம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி. ஓட்டியது நான். முதுகு வலி கூடியதும் அந்தத் தொழிலை விட்டேன், வண்டியை விட மனசு வரவில்லை. பின்சீட்டுகளைக் கழற்றி ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி வைத்து அதைக் கேம்பர் வேன் ஆக்கினோம். அது என்னை நடுவழியில் நிறுத்தாத ஊர் கிடையாது. ரவாங்கில் பெல்ட் அறுந்தது, செமினியில் பேட்டரி செத்தது, தஞ்சோங் காராங்கில் சேற்றில் புதைந்தது. பதறாத காரியம் சிதறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எப்படியாவது ஓட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்து சேர்ந்துவிடுவேன். என் கணவருக்குத்தான் பொறுமை என்பது பக்கத்து வீட்டுச் சமாச்சாரம். சிவப்பு விளக்கில் நின்றால்கூட தொடையில் தாளம் போடுவார்.

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வயிற்றில் மெல்லிய ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். பகலில் சில மணிநேரத்துக்கு ஒரு தடவை, வயிற்றில் இருக்கும் பழைய மருந்துத் தண்ணீரை ஒரு பையில் வடித்துவிட்டு, புதுப் பைத் தண்ணீரை உள்ளே ஏற்ற வேண்டும். அதை அவரே செய்துகொள்வார். கையை நன்றாகக் கழுவி, முகக்கவசம் போட்டு, கதவு ஜன்னல் சாத்தி, காற்றாடியையும் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். குழாயின் மூடியைக் கழற்றும் அந்தச் சில நொடிகளில் அதன் நுனியில் தூசி பட்டாலும் போச்சு, வயிற்றுக்குள் கிருமி போய்விடும். ஒரு தடவை போயும் இருக்கிறது. அப்போது அவர் பட்ட பாட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை. இன்னொரு தடவை வந்தால் குழாயை எடுத்துவிட்டு, வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் படுக்க வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் வேன் ஏது, ஊர் ஏது?

அந்தக் கிருமிக் காய்ச்சலிலிருந்து தேறிய பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மோரிப்பில் போய்க் கடலைப் பார்க்க வேண்டும். குளிக்கக் கூடாது என்று தெரியும், பார்த்தால் போதுமாம்.

கிளம்பும் முன் வண்டிக்குப் பூசை போடாமல் போகக் கூடாது என்று என் நாத்தனார் ஒற்றைக்காலில் நின்றாள். அவள் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். கிள்ளானிலிருந்து தெற்கே போக வேண்டிய நாங்கள் கிழக்கே போய், அவள் கோயிலில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி, சூடம் காட்டித் திரும்பினோம். கதம்ப மாலையை அவள் வண்டியின் முன்பக்கக் கம்பிவலைக்குள் நாரைக் கோத்து இறுக்கிக் கட்டினாள். "அண்ணே, இனிமே இந்த வண்டி எங்கயும் நிக்காது பாருங்க" என்றாள்.

நின்றது. பெடரல் ஹைவே நெரிசலில் ஊர்ந்து, கிள்ளானைத் தாண்டி, பந்திங் சாலையில் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரமாகப் போகும்போது வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டுவதற்குள் முன்பக்கம் ஆவி பறந்தது.

"கொஞ்சம் ஆறட்டும், இப்போ தொறந்தா கை வெந்துடும்" என்றேன்.

"எனக்கு நேரமாச்சு. வண்டி ஆறுற வரைக்கும் நான் தண்ணிய மாத்திடுறேன்" என்றார் அவர்.

எனக்குச் சம்மதமில்லை. லாரிகள் போகும்போதெல்லாம் வேன் குலுங்கியது, செம்மண் எழும்பியது. ஆனால் காலையிலிருந்தே அவருக்கு முகம் வீங்கியிருந்தது, மூச்சும் கொஞ்சம் வாங்கியது. வண்டி எப்போது கிளம்பும் என்று எனக்கும் தெரியாது. சரி என்றேன். உள்ளே எல்லாவற்றையும் துடைத்து, ஜன்னல்களைச் சாத்தினோம். பக்கக் கதவின் பூட்டு மட்டும் பள்ளி வண்டிக் காலத்திலிருந்தே வேலை செய்யாது. நான் வெளியே அந்தக் கதவில் சாய்ந்து காவல் நின்றேன்.

அப்போதுதான் வந்தது, பழுதான வண்டிகளைக் கட்டி இழுக்கும் டோ லாரி. நான் யாரையும் கூப்பிடவில்லை. இந்தப் பக்கத்தில் வண்டி நின்றால் இவர்களுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், கொக்கியை இழுத்துக்கொண்டு நேரே வேனின் முன்பக்கம் போனான்.

"தம்பி, தொடாத! உள்ள ஆள் இருக்காரு!" என்று முன்னால் ஓடினேன்.

"அக்கா, இங்க நிக்கக் கூடாது லா. போலீஸ் வந்தா சமன் எழுதி அபராதம் போடுவான். நம்ம வர்க்‌ஷாப் பக்கத்துலதான்."

நான் கொக்கியைப் பிடித்துக்கொண்டேன். அவன் இழுக்க, நான் இழுக்க, அந்த இடைவெளியில் மற்றவன் பக்கக் கதவைத் தடாரென்று திறந்துவிட்டான். "அங்கிள், எறங்குங்க!" என்று அவன் சொன்னது கேட்டது. அதே நேரம் ஒரு லாரி எங்களை உரசுவதுபோலப் போனது.

நான் கத்திய கத்தலில் இரண்டு பேரும் பின்வாங்கினார்கள். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. கதவைச் சாத்திவிட்டு முன்கதவு வழியாக ஏறிப் பார்த்தேன். அவர் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். குழாயில் புது மூடி போட்டிருந்தது. பை இணைக்கப்படாமல் பக்கத்தில் கிடந்தது.

"பட்டுடுச்சு. நுனி சட்டையில பட்டுடுச்சு" என்றார். "குழாயோட கிளிப் மூடித்தான் இருந்துச்சு. உள்ள ஒண்ணும் போகல."

ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய்தேன். எதையும் ஏற்ற வேண்டாம், பதற வேண்டாம், ஆனால் மாலை டயாலிசிஸ் யூனிட் மூடுவதற்குள் கிள்ளானுக்கு வந்துவிடுங்கள், வயிற்றுக்கு வெளியே இருக்கும் வெளிக்குழாயை மட்டும் மாற்றிவிடலாம் என்றார்.

டோ லாரிக்காரன் தானே இழுத்துப் போகிறேன் என்றான். அவனை நம்ப நான் தயாரில்லை. கைப்பேசியில் வாடகைக் கார் தேடினேன், அருகில் ஒன்றும் காட்டவில்லை. தோட்டத்து முனையில் யாரையாவது நிறுத்தி அவரை மட்டும் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "ஒன்னைத் தனியா இவனுங்ககிட்ட விட்டுட்டா? போடி" என்றார்.

அதனால் வண்டியை நான்தான் கிளப்பியாக வேண்டும். ஆத்திரத்தில் கை வைத்தால் இருப்பதும் கெடும். தண்ணீர் குடித்தேன். பிறகு குனிந்து, முன்வலைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நாத்தனாரின் மாலை அங்கே இல்லை. அதன் நார் முழுவதும் ரேடியேட்டர் காற்றாடியின் நடுவில் சுற்றிக்கொண்டு, ஒரு பூசைத் தட்டையே விழுங்கியதுபோல சாமந்தி இதழ்கள் அப்பிக் கிடந்தன. காற்றாடி இறுகி நின்றதில் பியூஸும் எரிந்திருந்தது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

காய் நறுக்கும் கத்தியால் நாரைத் துண்டு துண்டாக அறுத்து, சமையல் இடுக்கியால் இழுத்தெடுத்தேன். காற்றாடி விரலால் தட்டினால் சுற்றியது. பின்பக்க ஏர்கானுக்கும் அதே அளவு பியூஸ்தான் என்பது எனக்குத் தெரியும், அதைப் பிடுங்கி இங்கே செருகினேன். ரேடியேட்டர் நன்றாக ஆறியதும், மூடியை மடித்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்து, தொட்டியில் இருந்த குடிநீரை ஊற்றினேன். டோ லாரிக்காரர்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு, இது எங்கே கிளம்பப் போகிறது என்று பார்த்திருந்தார்கள். சாவியைத் திருகினேன். கிளம்பியது. முள் ஏறி, காற்றாடி சுற்ற ஆரம்பித்து, முள் மறுபடி இறங்கும் வரை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளானுக்குத் திருப்ப முன்னால்தான் போக வேண்டும்; கொஞ்ச தூரத்தில் சாலை பிரியும் இடம் வந்தது. நேரே போனால் மோரிப், வளைந்து திரும்பினால் கிள்ளான். பலகையைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, அந்த வாடிய முகத்தோடு அவரைத் திருப்பிக் கூட்டிப்போவதா?

"ஏங்க, யூனிட் மூட இன்னும் நேரம் இருக்கு. ஒரு அஞ்சு நிமிசம் பாத்துட்டுத் திரும்பிடலாமா?" என்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார். தொடையில் தாளம் இல்லை.

"கடல் எங்கயும் ஓடிடாது. திருப்பு" என்றார்.

திருப்பினேன். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் வெளிக்குழாயை மாற்றி, மருந்தும் கொடுத்தார்கள். கிருமி போயிருந்தால் ஓரிரு நாளில் வடியும் தண்ணீர் கலங்கும் என்றார் நர்ஸ். வடிந்த பைக்குப் பின்னால் நியூஸ் பேப்பரை வையுங்கள், தண்ணீர் வழியே எழுத்து தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் உடனே வாருங்கள் என்றும் சொன்னார்.

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அவரிடம் திட்டு வாங்கினேன். ஒவ்வொரு தடவை பை வடியும்போதும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

கெடு முடியும் அன்று காலையும் அப்படித்தான், அரிசி களைந்துகொண்டிருந்தேன். கூடத்தில் பையை ஜன்னல் பக்கம் தூக்கி மாட்டும் சத்தம் கேட்டது. பேப்பர் சரசரத்தது. என் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"கோல லங்காட், மோரிப் கடலோரம், மாலையில் இடியுடன் மழை" என்று அவர் சத்தமாக வாசித்தார்.

"இன்னொரு தடவ வாசிங்க" என்றேன். வாசித்தார். அதைவிடச் சின்ன எழுத்து ஏதாவது இருந்தால் அதையும் வாசிக்கச் சொன்னேன்.