இடது பக்கத் தட்டு

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஐந்து பேர். நான்கு நான் பெற்றவை. ஐந்தாவது என் தம்பி. அம்மா கண்மூடியபோது அவனுக்கு மூன்று வயது. ஐவரில் ஒருவரையும் யார் வாசலிலும் போய்க் கெஞ்சி நிற்க நான் விட்டதில்லை. அது என் பெருமையாக இருந்தது.

ரத்தோட்டைப் பக்கம் மிளகு பறிக்கையில் ஏணி சரிந்து தம்பியின் வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடியது, ஆனால் கை பின்பக்கம் மடங்கவில்லை. மிளகு வேலை போனது. சின்ன வயதில் வள்ளம் விட்டுப் பழகியவன் என்பதால், நீர்த்தேக்கத்தில் சுற்றுலாக்காரர்களைக் கயாக் என்ற ஒடுங்கிய சின்னப் படகில் கூட்டிப்போகும் வேலை கிடைத்தது.

வள்ளத்துத் துடுப்பில் தண்ணீரைத் தள்ளும் தட்டு ஒரு நுனியில்தான். கயாக் துடுப்புக்கு இரு நுனியிலும் தட்டு. இரண்டும் ஒரே பக்கம் பார்ப்பதில்லை. ஒன்று தண்ணீரை இழுக்கும்போது மேலே நிற்பது காற்றைக் கிழித்துக்கொண்டு வரவேண்டுமாம். வலது பக்கம் இழுத்து முடித்ததும் வலது மணிக்கட்டைப் பின்னால் மடக்கினால்தான் இடது தட்டு தண்ணீரில் முழு முகமாக இறங்கும். மடக்காவிட்டால் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு கீழே போகும். பிடிமானம் இருக்காது. அதை நம்பிச் சாய்ந்தவன் படகோடு கவிழ்வான்.

வீட்டு முற்றத்தில் வாங்குப் பலகை போட்டு உட்கார்ந்து, மூங்கில் கம்பில் இரண்டு பலகைத் துண்டைக் கட்டி இழுத்துப் பழகினான். நான் இடது பக்கம் நின்று பார்த்தேன்.

"சரிஞ்சிருக்குடா. இன்னும் சரிஞ்சுதான் இருக்கு."

ஒவ்வொரு தடவையும் வலது பிடியை விட்டுப் பிடித்துத்தான் நேராக்கினான்.

"காத்தில்லாட்டி சமாளிச்சிருவேன் அக்கா. காத்தடிச்சா பிடி மாத்த நேரமிருக்காது. நம்ம மாத்தயாகிட்ட சொல்லிறட்டா?" அங்கே பொறுப்பாக இருந்தவரைத்தான் அப்படிச் சொன்னான்.

"கை வெளங்காதவன்னு நீயே போய்ச் சொல்லப் போறியா? நான் வளத்த புள்ள அப்படிப் போய் நிக்காது."

"சரி, பெரிய துரைசாணி சொல்லிட்டாங்க" என்று சிரித்தான். சொல்லவில்லை.

மூன்றாம் வாரம், நடுத்தண்ணீரில் காற்று எழும்பியது. கூடப்போன இருவரையும் முன்னால் விட்டுக் கரைசேர்த்துவிட்டான். கடைசியாக வந்த அவன் இடது பக்கமாகவே கவிழ்ந்தானாம். மிதவைச் சட்டையைக் கழற்றிப் படகின் பின்பக்கம் கட்டிவைத்திருந்தான். மறுநாள்தான் உடலை எடுத்தார்கள்.

எட்டாம் நாள் மாத்தயா அவனுடைய துணிப்பையையும் துடுப்பையும் கொண்டுவந்தார். மணிக்கட்டைப் பற்றி அன்றுதான் சொன்னேன். அவர் துடுப்பின் நடுவிலிருந்த ஒரு பொத்தானை அமுக்கித் திருகினார். இரண்டு தட்டும் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

"இப்படியும் வைக்கலாம் அம்மா. மடக்கவே தேவையில்ல. தம்பி ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

ஊரில் எல்லாரும் காற்றைத்தான் குற்றம் சொல்கிறார்கள். நானும் இத்தனை நாள் தலையாட்டினேன். என் பேரைத் தவிர எனக்கு எழுத வராது. அதனால் பேத்தியை உட்காரவைத்து இதை எழுதவைத்தேன்.

எங்கே, வாசி பிள்ளை. அவனுக்கு நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதியிருக்கிறாயா, கேட்கவேண்டும்.