செங்கல் சுமந்தவளின் காப்பி

திருத்தணி மலைமேல் மண்டபம் கட்டியபோது, நாங்கள் பத்துப் பெண்கள் அடிவாரத்திலிருந்து செங்கல் சுமந்தோம். அதில் நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தியைக் கண்டாலே எனக்கு ஆகாது. குச்சி மாதிரி கைகால். காலையில் காப்பிக்கடையில் ஒரு லோட்டா கடுங்காப்பி குடித்துவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே எனக்கு முன்னால் படியேறிவிடுவாள். மேஸ்திரி அவளைத்தான் மெச்சுவார். எனக்கு வயிறு எரியும்.

காப்பியே குடிக்காத நானும் ஒருநாள் இரண்டு லோட்டா குடித்தேன். முதல் நடையில் அவளை முந்தினேன். இரண்டாம் நடையில் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. கூடை சரிந்து செங்கல் படியில் விழுந்து உடைந்தது. காரணமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அவள்தான் ஓடிவந்து கூடையைப் பிடித்தாள்.

"எத்தினி லோட்டா குடிச்சேக்கா?"

"ரெண்டு. நீ மட்டும் எப்பிடிடி சிரிச்சிகினே ஏர்றே?"

"அத்தக் குடிக்கலன்னா எனக்குத் தலையே தூக்க முடியாதுக்கா. நீ தெனமும் ஒண்ணுமே குடிக்காம ஏர்றியே, உன்னப் பாத்தாத்தான் எனக்குப் பொறாம."

அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் பொறாமையை நான் அவளிடம் சொல்லவேயில்லை. மனசில் இருப்பதை இப்படிப் பளிச்சென்று சொல்ல அவளுக்கு வாய்த்திருக்கிறதே என்று, அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.