மேனேஜ் பண்ணிக்கலாம் என்றார் டாக்டர்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குடிநீர் கேனை மாற்றினேன், சவரம் செய்துகொண்டேன், செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். இட்லி, தக்காளிச் சட்னி. அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லியிருந்ததால் சட்டையைத் தேய்க்கும் அவசரம் இல்லை. பத்து மணிக்கு மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் மூட்டு மருத்துவரிடம் போனேன்.

சில மாதங்களாக அவளுக்கு விரல் கணுக்களில் வீக்கம். பட்டுப் புடவைகளின் முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருவது அவள் தொழில். கடையிலிருந்து புடவைகளைப் பையில் போட்டு அனுப்புவார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து இழைகளை முறுக்கி முடிச்சுப் போட வேண்டும். விரல் மடங்காவிட்டால் அந்த வேலை இல்லை.

மருத்துவர் வயதில் சின்னப் பெண். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து முடக்குவாதம் என்றார்.

“பயப்பட ஒண்ணுமில்ல சார், மேனேஜ் பண்ணிக்கலாம்.”

“குணமாயிடுமா டாக்டர்?”

“மாத்திரை, எக்சர்சைஸ் எல்லாம் கரெக்டா இருந்தா நல்லாவே மேனேஜ் பண்ணலாம்.”

நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. இன்னொரு முறை கேட்பதற்குள் என் மனைவி, “நீங்க போய் மருந்து வாங்கினு வந்துடுங்க, கூட்டம் சேர்ந்துடும்” என்றாள். மருந்துக் கடையில் கூட்டமே இல்லை. நான் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அந்த வினைச்சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுவது என் வேலை. விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று பெற்றோர் புகார் எழுதினால், நிலைமை மேனேஜ் செய்யப்பட்டு வருகிறது என்று பதில் போடுவோம். தண்ணீர் வந்துவிட்டால் வந்துவிட்டது என்றே எழுதிவிடலாம், அந்தச் சொல் தேவைப்படாது. ஊரிலும் அப்படித்தான். சம்பளம் கைக்கு வந்தவன் ‘நல்லா இருக்கேன்’ என்பான். வராதவன்தான் ‘ஏதோ மேனேஜ் பண்ணிக்கினு இருக்கேன்பா’ என்பான். பந்தியில் சாம்பார் போதவில்லை என்றால் சமையல்காரர் முதலில் சொல்வதும் இதைத்தான். ஆகவே ஒரு மருத்துவர் வாயிலிருந்து அது இரண்டு முறை வந்தபோது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆட்டோவில் கேட்டேன்.

“நான் போனப்ப ரெண்டு பேரும் இன்னா பேசிக்கினு இருந்தீங்க?”

“புடவையப் பத்தி.”

“அந்தம்மா சுடிதார்ல இல்ல இருந்தாங்க?”

“சுடிதார் போட்டா புடவையப் பத்திப் பேசக் கூடாதா? நல்ல ஆளுங்க நீங்க.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். இதில் அவர் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

பிற்பகல் அலுவலகத்தில் பெரிய அகராதியை எடுத்தேன். லத்தீனில் கை என்று பொருள்படும் சொல்தான் வேர். அதிலிருந்து இத்தாலிய மொழியில் கையாள்வதற்கு ஒரு சொல் பிறந்திருக்கிறது, முக்கியமாகக் குதிரையைப் பழக்கி நடத்துவதற்கு. ஆங்கிலத்துக்குள் அது முதலில் குதிரையோடுதான் வந்தது. பிறகு ஆயுதங்களுக்கும் காரியங்களுக்கும் பரவி, வெகுநாள் கழித்தே ‘எப்படியோ சமாளிப்பது’ என்ற பொருளுக்கு இறங்கியது. வீட்டை நடத்துவதற்கான ஒரு பிரெஞ்சுச் சொல்லின் சாயலும் அதில் கலந்ததாம். எங்கே தேடியும் முடிவுக்குக் கொண்டுவருவது என்ற பொருள் அகப்படவில்லை. எனக்குச் சந்தேகம் கூடியது.

மாலை வீட்டுக்கு வந்து மருந்து ரசீதை வைக்க பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் கடைப் பை. மேலாக இருந்த புடவையில் குஞ்சம் கட்டி முடித்திருந்தது. அவளுடைய முடிச்சுகள் இறுகி, அளவெடுத்தாற்போல ஒரே வரிசையில் நிற்கும். இவை மேலும் கீழுமாக இருந்தன. புடவையோடு சமையலறைக்குப் போனேன்.

“இது யார் கட்டினது?”

“எதிர் வீட்டுப் பொண்ணு. ஒரு மாசமா அவதான் கட்டித் தரா. உடனே துப்பு துலக்க ஆரம்பிச்சுடாதீங்க.”

“இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கே?”

அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு நின்றாள். எப்படித் தொடர்வது என்று தெரியாமல் நான் அகராதியில் பார்த்ததைச் சொன்னேன். கை, குதிரை, எல்லாவற்றையும்.

“அந்தக் குதிரைய வித்துட முடியாதா?” என்றாள்.

நான் புடவையை மடிக்கத் தொடங்கினேன்.

“டாக்டர்கிட்ட நானும் அதத்தான் கேட்டேன். அவங்க மறுபடி மேனேஜுன்னாங்க. ‘இங்கிலீஷ் வேணாம்மா, போகுமா போகாதா, அத மட்டும் சொல்லு’ன்னேன். போகாதுன்னாங்க. கூடவேதான் இருக்குமாம். மருந்து சாப்பிட்டா அடங்கி இருக்குமாம். காலையில விரலெல்லாம் விறைச்சுக்கினு இருக்கும், வெந்நீர்ல கொஞ்ச நேரம் வெச்சா தேவலன்னாங்க.”

“என்னை ஏன் வெளிய அனுப்புன?”

“உங்ககிட்ட சொன்னா ஆபீஸ் லெட்டர் மாதிரி ஆளுக்கொரு காப்பி போடுவீங்க. உங்க அக்காவுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. ரெண்டே நாள்ல கடை வரைக்கும் போயிடும். விரல் போனவகிட்ட யார் பட்டுப் புடவைய நம்பிக் குடுப்பா? மருந்து கேக்குதான்னு பாக்க எனக்கு ஆறு மாசமாவது வேணும். அதுவரைக்கும் வாய மூடிக்கினு இருங்க.”

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. சாப்பிடும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சத்துக் குறைவு, மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றேன். என் மனைவி ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக வெந்நீர் வைத்தேன். புறங்கையில் சூடு பார்த்து, அகலமான பாத்திரத்தில் ஊற்றி, அவள் எழுந்து உட்கார்ந்ததும் முன்னால் வைத்தேன். இரண்டு கைகளையும் மெல்ல உள்ளே விட்டவள் தலை நிமிராமலே கேட்டாள்:

“நான் தூங்கினப்புறம் யாருக்காவது போன் பண்ணீங்களா?”

இல்லை என்றேன்.