சாய்ந்து பார்த்த பச்சை

"ஐயோ, இதுவா பச்சை?" என்று கேட்டார் மேலாளர்.

"பச்சைதான் சார்," என்றாள் சித்தி.

"செங்கல் மாதிரி இருக்கும்மா. வந்தவங்க முன்னாடி மானம் போகுது."

"உக்காந்து பாருங்க சார், பச்சையா தெரியும்."

"அப்ப வாங்குறவங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு நாற்காலி சேர்த்துக் குடுத்துடலாமா?"

வந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். சித்தி எழுந்து நின்று, மேசைமேல் இருந்த கண்ணாடித் துண்டை நேர் மேலிருந்து குனிந்து பார்த்தாள். 

"செங்கல்தான்," என்றாள் நிமிர்ந்து. "நாற்காலியை நான்தான் இறக்கிப் போட்டேன். தப்பு என்னோடது."

"நிறத்தைக் கேட்டா நாற்காலியைச் சொல்றீங்களே!"

எதையும் ‘ஐயோ’ என்று ஆரம்பிப்பதால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மேலாளருக்கு ஐயோ சார் என்று பெயர். ஆனால் விஷயம் தெரிந்தவர். அடுத்த கணமே அவருக்குப் புரிந்துவிட்டது, முகம் மாறியது.

சித்தி என் அம்மாவின் தங்கை. ஆய்வுக்கூடத்தின் அறிக்கைகளை இன்னொரு மொழியில் எழுதித் தருவது என் வேலை; என் மேசை அவள் மேசைக்கு எதிரில். இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகத்தை நிரப்பி, அதற்கு மின்சாரம் கொடுத்து நிறத்தைப் பார்ப்பது அவள் வேலை. அதில் சாயம் எதுவும் கிடையாது. உள்ளே மூலக்கூறுகள் திருகாணி மரை போலச் சுருண்டிருக்கும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் சுருள் நெருங்கும். அது திருப்பி அனுப்பும் ஒளி சிவப்பிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து நீலத்துக்கும் நகரும். எத்தனை வோல்ட்டில் சரியான பச்சை வருகிறது என்று சித்தி சொல்ல வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. சாய்வாகப் பார்த்தாலும் நிறம் அதே திசையில் நகர்ந்துவிடும். சிவப்பு, சாய்ந்த கண்ணுக்குப் பச்சை. நிறத்தை அளக்கும் கருவி பழுதுபார்க்கப் போயிருந்த நாட்களில் கண்தான் கருவி. அதனால் முகவாயை ஒரு மரக்கட்டையில் பதித்து, நேர் மேலிருந்து மட்டுமே பார்க்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சித்திக்குக் கழுத்தை அப்படி நீட்டி வைக்க முடியவில்லை. கட்டையைத் தள்ளிவிட்டு, நாற்காலியை இறக்கி, முதுகைச் சாய்த்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். சாய்ந்த கண்ணுக்குப் பச்சை சீக்கிரமே வந்துவிட்டது. அத்தனை மாதிரிகளுக்கும் குறைந்த வோல்ட்டைச் சொல்லியிருந்தாள்.

கழுத்து எதனால் அப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. காலையில் கட்டிலிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு, சாயங்காலம் மறுபடி கட்டிலுக்கு என்று சித்தி ஒருத்திதான் தூக்குவாள். பகலில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பார், தூக்க மாட்டார். வாய்க்கு மட்டும் சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"உங்க சித்தி தினமும் பளு தூக்குற போட்டிக்குப் போறா. பதக்கம்தான் இன்னும் வரலை," என்பார் என்னிடம்.

"பளு வாயை மூடிக்கிட்டு இருந்தா பதக்கம் தானா வரும்," என்பாள் சித்தி, அவர் அக்குளுக்குள் கையைக் கொடுத்தபடி. சிரிக்கக்கூட மாட்டாள். சிரித்தால் பிடி தளர்ந்துவிடும்.

விருந்தினர் போன பிறகு ஐயோ சார் சித்தியைக் கூப்பிட்டார். கோபம் இல்லை, சலிப்புதான். இந்த வாரத்துக்குள் எல்லா மாதிரிகளையும் மறுபடி பார்க்க வேண்டும். முடியாவிட்டால் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். அங்கே மாற்றி மாற்றி ஷிப்ட். இரவு ஷிப்ட் வந்தால் சித்தப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் இல்லை. 

மறுநாள் நாற்காலியை உயர்த்தி, முகவாயைக் கட்டையில் வைத்தாள். இரண்டு மாதிரி முடிந்ததும் மேசைகளுக்கு நடுவே வெறுந்தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டாள்.  எழுந்து இன்னும் இரண்டு பார்த்தாள். மதியத்துக்கு மேல் தலை தானாகவே சரிந்தது. "இது வேணாம், இதுவும் வேணாம்," என்று தான் சொன்ன அளவுகளை, குறித்துக்கொண்டிருந்த என்னிடம் தானே அடித்துவிடச் சொன்னாள்.

வாரக் கடைசியில் பச்சை பச்சையாகவே வந்தது; சித்தி இன்றும் அந்த மேசையில்தான் இருக்கிறாள். ஆனால் அந்த முதல் நாள் சாயங்காலம் அப்படி ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பேருந்து நிறுத்தத்தில் தோளைக் கம்பத்தில் சாய்த்துக்கொண்டு நின்றாள். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள். என் பேருந்து வந்தது. நான் ஏறப் போகும்போதுதான் பேசினாள்.

"இந்த வாரம் முழுக்க நம்ம வீட்டுல தங்கிக்கிறியா? உங்க சித்தப்பாவைத் தூக்கும்போது அந்தப் பக்கம் நீ பிடிச்சுக்கோ. ஆறுதல்லாம் சொல்ல வேணாம், எனக்குக் கேக்கத் தெம்பு இல்லை. பிடிச்சா போதும்."