பானையில் விழுந்த ஒரு கை அரிசி

எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது. ஒன்று என் நாத்தனார் கண்ணை மூடும்போது என் மடியில் விட்டுப்போனது. எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். அவசரப்படுத்தினால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நல்ல உச்சி வெயில். மதுரைக் காளவாசல் பக்கம் வண்டிகள் கத்துவது தவிரத் தெருவில் ஈ காக்கை இல்லை. கஞ்சி வடித்த பானையை நிமிர்த்துகிறேன், வீட்டுக்குள் நனைந்த கம்பளி வாசம். ஆட்டு ரோமமும் அடுப்புப் புகையும் மழையும் கலந்த வாசம். எங்கள் வீட்டில் கம்பளியே கிடையாது. இருந்த ஒன்றையும் என் மாமனார் மேல் போர்த்திப் புதைத்தாயிற்று. நான் பயப்படவில்லை. "வாங்க மாமா" என்று மட்டும் சொன்னேன்.

பேத்தி எட்டிப் பார்த்தாள். "யாரு அப்பத்தா வந்திருக்கா?"

அவளிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இந்தத் தாள்.

என் மாமனார் சிலோன் மலைத் தோட்டத்தில் பிறந்தவர். பஞ்சம் பிழைக்கக் கடல் தாண்டியது அவருடைய தாத்தா. மூன்று தலைமுறை தேயிலைக்கு உழைத்து முடித்ததும், உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று கப்பலில் ஏற்றிவிட்டார்கள். மாமியாரை அந்த மலையிலேயே புதைத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டி, ஒரு கம்பளி, மகன், மகள் என்று ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார். மதுரையின் சித்திரை வெயிலிலும் விடிந்ததும் கம்பளியை முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். பனியே இல்லையே மாமா என்றால், "ஒனக்குத் தெரியாது தாயி, இப்ப எறங்கும்" என்பார். நானும் ஒருநாள் அண்ணாந்து பார்த்தேன். அம்புட்டு நம்பிக்கையாகச் சொல்வார்.

நான் மதுரைக்குப் பக்கத்துப் பரவைக்காரி. மார்க்கெட்டில் மூட்டை தூக்க வந்தவரின் மகனுக்கு என்னைக் கொடுத்தபோது, "ஊரு பேரு இல்லாத சிலோன்காரனுக்கா?" என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் அப்பாவுக்கு வேறு வழியும் இல்லை என்பதை நான் வெளியே சொல்வதில்லை.

தோட்டத்தில் அவருக்குக் கவ்வாத்து வேலை, அதாவது தேயிலைச் செடியை இடுப்பளவில் தட்டையாக வெட்டிவிடுவது. இங்கே வந்தும் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுக்காரி வெளியூர் போயிருந்த நேரம் அவளுடைய மல்லிகைப் பந்தலைப் பிரித்து, செடியை மேசைபோல வெட்டிவிட்டார். வந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, செடிக்குக் கிராப்பு வெட்டிவிட்டீகளே! இனி பூ எப்ப வரும்?"

"பூ எதுக்குத்தா? நல்லாக் கொழுந்து வரும் பாரு."

தெருவே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கொழுந்து வருமென்று நிஜமாகவே காத்திருந்தார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. அழகர்கோவில் போகிற வழியில் தாத்தாவின் ஊர். மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஊர்ப் பேரையும் சாமி பேரையும் பாடம்போலச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அங்கே குலசாமிக்குப் பொங்கும்போது பங்காளி வீடுகள் ஆளுக்கு ஒரு கை அரிசி ஒரே பானையில் போடும். போட்டவன்தான் பங்காளி. தானும் போட வேண்டும், அவ்வளவுதான்.

மாசிச் சாமி கும்பிடுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் லாரியில் வெளியூர் போயிருந்ததால் மூத்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் துணைக்குப் போனேன். பானை கொதிக்கிற நேரம். மாமனார் அரிசியை மூடிய கையில் வைத்துக்கொண்டு போய் நின்றார்.

"யாருய்யா நீ?" என்று கேட்டார் அங்கிருந்த பெரியவர்.

"வீரணன் பேரன்ணே. சிலோன்லருந்து வந்திருக்கேன்."

"வீரணன் கடல் தாண்டுனப்பவே அந்தக் குடும்பத் தலைக்கட்டு கழிஞ்சுபோச்சு. எடம் கிடம் கேட்டு வந்தியா?"

"எடம் வேணாம்ணே. ஒரு கை அரிசி போட்டுட்டுப் போயிர்றேன்."

"சிலோன்காரன் அரிசி வேகுமாப்பா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்க, கூட்டம் சிரித்தது.

அவர் வாதாடவில்லை. மூடிய கையை இறக்கவும் இல்லை. விரலிடுக்கில் அரிசி ஒன்றிரண்டாக உதிர்ந்தது. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, அந்தக் கையைப் பிரித்து, அரிசியை வாங்கி, பானைக்குள் போட்டுவிட்டேன்.

"போட்டாச்சு. வேணாம்னா பொறுக்கி எடுத்துக்கங்க" என்றேன்.

யார் பொறுக்குவது? பெரியவர் கண்ணைக் காட்டினார். இரண்டு பேர் துணியைச் சுற்றிப் பானையைத் தூக்கி, பொங்கல் முழுவதையும் வேப்பமரத்தடியில் கவிழ்த்தார்கள். ஆவி எழும்பியது. ஒரு நாய்கூடக் கிட்டே வரவில்லை.

மாமனார் கம்பளியை மடித்துத் தோளில் போட்டார். தரையில் உட்கார்ந்தார். மண் ஒட்டாத மேல்சோற்றை எடுத்து ஊதி ஊதித் தின்றார். "சாமி சோறு தாயி. நீயும் ஒரு வாய் தின்னு" என்றார். தின்றேன். நாங்கள் எழுந்து வரும்வரை அந்தக் கூட்டம் அப்படியே நின்றது. நான் செய்தது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஊர்ப் பேரை எடுக்கவே இல்லை. ஆனால் தனியாக இருக்கும்போது மாமியாரோடு பேசுவார். "நீ குடுத்து வச்சவ. கெடக்குற எடத்துலயே கெடக்க" என்று ஒருநாள் அவர் சொல்லக் கேட்டேன்.

அவர் போனபோது பங்காளி என்று ஒருத்தரும் வரவில்லை. பரவையிலிருந்து என் கூடப்பிறந்தவர்கள் வந்து தூக்கினார்கள். புதைத்த இடம் அப்போது ஊருக்கு வெளியே முள்காடு. இப்போது அதன் மேல் அகலமான ரோடு. பஸ்ஸில் போகும்போது எந்த இடம் என்று குத்துமதிப்பாகக்கூடத் தெரிவதில்லை. கல் இல்லை, மரம் இல்லை. போட்டோவும் எடுத்ததில்லை. அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒருவர்கூட உயிரோடு இல்லை. ஊருக்குச் சிலோன்காரன், பிள்ளைகளுக்கு அப்பா, எனக்கு மாமா.

மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. நானும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்களைச் சொல்லச் சொல்வேன். ஆனால் எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

கருப்பையா.

பேத்தியைக் கூப்பிட வேண்டியதுதான். எங்கே தாயி, இங்க வா. மொதல்லருந்து நிதானமா வாசி. அந்தப் பேரு வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி.