செமுனில் யாரும் பத்திரிகை வைப்பதில்லை

என் வாடகை வீட்டின் சொந்தக்காரர் திராகன், காலையில் பேருந்து ஏறும்போது "பெல்கிரேடு போய் வருகிறேன்" என்பார். நாங்கள் இருப்பதே பெல்கிரேடு நகருக்குள், செமுன் என்ற பகுதியில். பீளமேட்டில் பஸ் ஏறி "கோயமுத்தூர் போயிட்டு வாரனுங்க" என்பவர்களோடு வளர்ந்தவன் என்பதால் நான் சிரிக்கவில்லை. ஆனால் பீளமேட்டுக்காரருக்கு அந்தப் பெருமைக்கு ஒரு பேரரசு தேவைப்பட்டதில்லை. செமுன்காரருக்கு அதுவும் உண்டு. முன்பு சாவா நதிக்கு இக்கரை ஆஸ்திரியப் பேரரசு, அக்கரை துருக்கியப் பேரரசு. தெற்கிலிருந்து வருவோரைக் கொள்ளைநோய் பயத்தில் இங்கே பல நாள் அடைத்துவைப்பார்களாம். கடிதங்களுக்குக்கூடப் புகை போடுவார்களாம். இரண்டு பேரரசுகளும் போய்விட்டன. கார்தோஷ் குன்றின் கோபுரமும் திராகனின் மூக்கும் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

நான் கோவையிலிருந்து மோட்டார் பம்புகள் பொருத்த வந்தவன். 1997 டிசம்பரில் திராகன் இரண்டு முறை சொன்னார்: "வெள்ளிக்கிழமை எங்கள் ஸ்லாவா." குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கான விருந்து நாள் அது. "வா" என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டார். போகலாமா என்று ஊரிலிருந்த மனைவியிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"ஏனுங்க, கூப்பிடாத ஊட்டுக்குப் போயி எலையில உக்காருவீங்களா? அங்க என்ன சோத்துக்குப் பஞ்சமுங்களா?"

எங்கள் பக்கம் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் அது பேரன் காலம்வரை நீளும் சண்டை. ஆகவே கீழே திராகன் வீட்டில் பாட்டும் சிரிப்புமாக இருக்க, நான் மாடியில் என் அறையில் மானத்தோடு தயிர்சோறு தின்றேன்.

மறுநாள் திராகன் முகம் பார்க்காமல் சொன்னார்: "பெல்கிரேடில் வாடகை அறைகள் நிறைய உண்டு."

அவர் வாயில் அது நாடுகடத்தல். உறைபனியில் அறை தேடி எங்கே அலைவது? உடன் வேலை செய்யும் மிலனிடம் புலம்பினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நண்பன் தானே வருவான். நீ போகாமல் இருந்தே, நண்பனில்லை என்று பதில் சொல்லிவிட்டாய்!"

நல்லவேளையாக விருந்து இரண்டாம் நாளும் உண்டு. அன்று மாலை ஒயின் பாட்டிலோடு கீழே போய் நின்றேன். திராகன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தெற்கிலிருந்து வருகிறவர்களைப் பல நாள் வெளியே நிறுத்துவோம். உனக்கு ஒரே நாள்தான். உள்ளே வா."

மீன் சூப்பும் கிடைத்தது, அறையும் தப்பியது.

இப்போது விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று வெள்ளகோவிலில் பங்காளி மகள் கல்யாணம். பழைய வரப்புத் தகராறில் எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அந்த வழியே போனபோது, செமுன் தைரியத்தில் மண்டப வாசல்வரை ஏறிவிட்டேன்.

"மானத்த வாங்கிப்போடாதீங்க, வாங்க!" என்று மனைவி பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள்.

உள்ளே பங்காளி என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து வரவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. நான் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டிருந்தேன். மற்றது காலிலேயே இருந்தது.